பெயரிற் குருதி இல்லை: 'முல்லர்' என்னும் குடும்பப் பெயரை முன்வைத்து

ஒருவரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே அவர்தம் பிறப்பையும் குலத்தையும் குருதியையும் கூறிவிடலாம் என்று கருதுவோர் எல்லா நாடுகளிலும் உளர். ஜேர்மனியில் இக்கருத்து ஒரு காலத்தில் வெறும் நம்பிக்கை என்ற அளவில் நின்றுவிடவில்லை. அது அரசின் கொள்கையாயிற்று, அலுவலகப் பதிவேடாயிற்று, ஈற்றில் மரண முகாமுமாயிற்று. அந்த அரசு 1945இல் வீழ்ந்தது. ஆயினும், அதற்கு அடிநிலையாக நின்ற கருத்து அதனோடு வீழ்ந்துவிட்டதெனக் கூறுவதற்கில்லை. குடும்பப் பெயருக்கு ஒரு குலச்சின்னம் என வரைந்து விற்கும் வணிகரிடத்தும், பெயரின் ஓசையைக் கொண்டே 'தூய' மூதாதையரைக் கண்டுபிடிக்கும் குலப்பெருமையாளரிடத்தும் அது சாதுவான தோற்றத்துடன் இன்றும் உயிர்வாழ்கின்றது. இக்கருத்து வரலாற்றுக்கு முற்றிலும் முரணானது. அதனை நிறுவுதற்குப் பல பெயர்களைத் திரட்ட வேண்டியதில்லை; ஜேர்மனியில் மிகப் பெருவழக்காயுள்ள குடும்பப் பெயர் ஒன்றே போதும். அப்பெயர் 'முல்லர்' என்பதாகும்.

முல்லர் என்பதன் பொருளில் மறைபொருள் எதுவும் இல்லை. தானியத்தை மாவாக அரைக்கும் ஆலையை நடத்துபவன் என்பதே அதன் பொருள். ஆலையைக் குறிக்கும் ஜேர்மன் சொல் 'மூலெ' என்பது. அதனை நடத்துவோன் முல்லர் ஆயினான். ஆனால், இச்சொல்லின் பிறப்பை ஆராய்வோருக்கு ஓர் உண்மை புலப்படும். முல்லர் என்னும் சொல் மத்தியகால ஜேர்மனில் 'முல்னெரெ' எனவும், அதற்கும் முற்பட்ட பழைய உயர் ஜேர்மனில் 'முலினாரி' எனவும் வழங்கிற்று. அதன் மூலமோ பிற்கால இலத்தீனில் வழங்கிய 'மொலினாரியசு' என்பதாகும். 'மொலா' என்றால் இலத்தீனில் அரைகல். 'மொலினா' என்றால் ஆலை. ஆகவே, ஜேர்மானியருள் மிகப் பெருந்தொகையினர் தாங்கிநிற்கும் பெயர் வேரளவிற் ஜேர்மானியச் சொல்லன்று. உரோமரிடமிருந்து பெற்ற இரவற் சொல்லாகும்.

இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. பண்டைய ஜேர்மானியர் தானியம் அரைக்க அறியாதவரல்லர். கையாற் சுழற்றும் திரிகை அவரிடம் இருந்தது. அதற்கு அவர்தம் மொழியில் 'குவிர்ன்' என்னும் சொந்தச் சொல்லும் இருந்தது. ஆங்கிலத்தில் திரிகையைக் குறிக்கும் 'குவேர்ன்' என்னும் சொல் அதன் உடன்பிறப்பே. ஆயின், நீரின் விசையாற் சுழலும் ஆலை உரோமருடன் வந்தது. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒசோனியசு என்னும் இலத்தீன் கவிஞர் மோசெல் ஆற்றைப் பாடிய நூலிலே, அதன் கிளையாறொன்றின் நீரால் தானியம் அரைக்கும் கற்கள் சுழல்வது குறிப்பிடப்படுகின்றது. புதிய கருவி வந்தபோது அதனோடு புதிய சொல்லும் வந்தது. கைத்திரிகை மூலைக்குத் தள்ளப்பட்டபோது அதன் பெயரும் வழக்கொழிந்தது. சொல்லின் வரலாறு கருவியின் வரலாற்றைப் பின்தொடர்கின்றதே அன்றிக் குருதியின் வரலாற்றையன்று. இனத்தூய்மை பேசியோர் முல்லர் என்னும் பெயரைக் கலப்பற்ற ஜேர்மானியத்தின் அடையாளமாகக் கொண்டார்களாயின், அவர்கள் தம்மையறியாமலே ஓர் இலத்தீன் சொல்லைத் தலைமேற் சுமந்தனர் என்றே கொள்ளல் வேண்டும்.

முல்லர் என்பது தனித்து நிற்கும் ஒன்றன்று. ஜேர்மனியில் மிகுதியாக வழங்கும் பெயர்களுள் முதற் பத்தையும் நிரல்படுத்தி நோக்குக. முல்லர் மாவாலைக்காரன், ஷ்மிற் கொல்லன், ஷ்னைடர் தையற்காரன், பிஷர் மீனவன், வேபர் நெசவாளன், வாக்னர் வண்டில் செய்வோன், பெக்கர் வெதுப்பகத்தில் ரொட்டி சுடுவோன். எஞ்சிய மூன்றும் நிலப்பிரபுத்துவ நிருவாகத்தைச் சார்ந்தவை. மையர் பிரபுவின் பண்ணையைப் பொறுப்பேற்று நடத்தியவன். இச்சொல்லும் இலத்தீனிலிருந்தே பிறந்தது. ஷுல்ஸ் ஊர்த்தலைவன், பிரபுவுக்குரிய கடமைகளை மக்களிடம் அறவிட்டவன். ஹொவ்மன் பண்ணையைச் சார்ந்து வாழ்ந்தவன். இப்பட்டியலில் வீரரும் இல்லை, வேந்தரும் இல்லை. உழைத்தோரும், உழைத்தோரிடம் வரி தண்டினோருமே உளர். ஒரு சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளை இதனிலும் தெளிவாக எடுத்துரைக்கும் ஆவணம் அரிது. இதனை விடுத்து, இதனுள் இனத்தின் ஆன்மாவைத் தேடுவோரின் பார்வையை என்னென்பது?

இங்கு ஒரு வினா எழுதல் இயல்பு. மத்தியகால ஜேர்மனியின் மக்களுட் பெரும்பாலோர் உழவர். அவ்வாறாயின் உழவனைக் குறிக்கும் 'பௌவர்' என்னும் பெயரன்றோ முதலிடம் பெற்றிருத்தல் வேண்டும்? மாவாலைக்காரனின் பெயர் முதலிடம் பெற்றது எங்ஙனம்? விடை எளிது. பெயர் என்பது ஒருவனை மற்றவரினின்றும் பிரித்துக் காட்டுதற்குரியது. எல்லாரும் உழவராயுள்ள ஊரில் 'உழவன் யொகான்' என்று கூறுவதாற் பயன் யாதுமில்லை. ஆனால், ஊருக்கு ஓர் ஆலையே இருந்தமையால், 'ஆலைக்கார யொகான்' என்றதும் யாவரும் அறிந்துகொள்வர். ஊருக்கு ஒருவனாக இருந்ததனாலேயே அவனுக்கு அப்பெயர் நிலைத்தது. ஆலையுள்ள ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததனாலேயே அப்பெயர் நாடெங்கும் பெருகிற்று. இதிலிருந்து பெறப்படும் முடிபு மிக முக்கியமானது. முல்லர் என்னும் பெயர் ஒரு மூதாதையிடமிருந்து கிளைத்துப் பரந்ததன்று. ஒன்றோடொன்று தொடர்பற்ற ஆயிரம் ஊர்களில் ஆயிரம் முறை தனித்தனியே பிறந்தது. கீல் நகரத்து முல்லருக்கும் மியூனிக் நகரத்து முல்லருக்கும் பெயரொற்றுமை உண்டு. அதனை மட்டும் கொண்டு அவர்களை உறவினராக்கல் இயலாது. 'முல்லர் குலச்சின்னம்' என்று ஒன்றை வரைந்து விற்பவர் இல்லாத பொருளையே விற்கின்றார். சின்னங்கள் குறித்த சில குடும்பங்களுக்கு உரியனவாக இருந்தனவேயன்றிப் பெயருக்கு உரியனவாக இருந்ததில்லை.

குலப்பெருமை பேசுவோர் அறிந்தால் நாணக்கூடிய மற்றோர் உண்மையும் உண்டு. அன்றைய ஆலைக்காரனின் நிலை பெருமைக்குரியதாக எங்கும் இருந்ததில்லை. ஆலை பெரும்பாலும் பிரபுவின் உடைமை. சுற்றியுள்ள உழவர்கள் தம் தானியத்தைக் குறித்த அந்த ஆலையிலேயே அரைத்தல் வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இருந்தது. அரைத்த மாவில் ஒரு பங்கை ஆலைக்காரன் கூலியாக எடுத்துக்கொண்டான். பிரபுவின் சுரண்டலை உழவன் தன் கண்முன் கண்டது ஆலைக்காரனின் அளவைப் பாத்திரத்திலேதான். ஆகவே கள்வன் என்ற பழி அவன்மீது படிந்தது. பல நகரங்களில் ஆலைக்காரரின் தொழில் 'மானமற்ற தொழில்' எனக் கணிக்கப்பட்டு, அவர்தம் மைந்தர் கைவினைச் சங்கங்களிற் சேர்வது மறுக்கப்பட்டது. 1548ஆம் ஆண்டின் பேரரசு ஒழுங்குச் சட்டம், நெசவாளர், சவரத் தொழிலாளர், மேய்ப்பர் ஆகியோருடன் ஆலைக்காரரையும் பெயர் சுட்டி, இவர்களை அவ்வாறு விலக்கலாகாது என விதிக்க நேர்ந்தது. பிறந்த தொழிலைக் கொண்டு மனிதனைத் தாழ்த்தும் வழக்கம் கீழைத்தேயத்தின் தனிச்சொத்து எனக் கருதுவோர் இச்சட்டத்தைச் சிறிது சிந்தித்தல் நன்று. பிற்காலத்துப் பேரர்கள் பெருமையுடன் தாங்கும் பெயர் அன்று பலரால் இழிவாகக் கூறப்பட்டதே.

அவ்விழிவினின்றும் தப்புதற்குக் கற்றோர் கண்ட வழியும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளிற் கல்வி கற்ற முல்லர்கள் சிலர் தம் பெயரை 'மொலிற்றோர்' என இலத்தீனிலும், 'மிலியசு' எனக் கிரேக்கச் சாயலிலும் மாற்றிக்கொண்டனர். 1436இற் பிறந்த பெரும் வானியலறிஞரான யொகான்னசு முல்லரை உலகம் 'றெஜியோமொன்ரானசு' என்றே அறியும். அஃது அவர் பிறந்த கூனிக்ஸ்பேர்க் என்னும் ஊர்ப்பெயரின் இலத்தீன் வடிவம். இலத்தீனில் இருந்து இழிந்து வந்த தொழிற்பெயரை நீக்கி, இலத்தீனாலேயே உயர்வு தேடிய இவ்வேடிக்கை ஒன்றைத் தெளிவாக உணர்த்துகின்றது. பெயர் என்பது களைதற்கும் அணிதற்கும் உரிய ஓர் ஆடை. உடலோடு பிறந்த தோலன்று.

இவ்வாறாயினும், முல்லர் என்ற பெயரையுடையோரின் முன்னோன் ஒருவனாவது ஆலை நடத்தியிருப்பானன்றோ என வினவலாம். அதுவும் உறுதியன்று. ஆலையின் அருகே குடியிருந்தோனும், ஆலை வீட்டை விலைக்கு வாங்கியோனும் அப்பெயரைப் பெற்றதுண்டு. வடமேற்கு ஜேர்மனியின் வெஸ்ற்பாலியப் பகுதியிற் பெயர் மனிதரைத் தொடரவில்லை, பண்ணையைத் தொடர்ந்தது. பண்ணைக்கு உரிமையுடைய பெண்ணை மணந்து அவ்வீட்டிற் புகுந்தவன் தன் தந்தையின் பெயரை விடுத்துப் பண்ணையின் பெயரை ஏற்றான்; அவன் மக்களும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டனர். அங்கே குடும்பப் பெயரைக் கொண்டு தந்தைவழிக் குருதியைத் தேடுபவன் ஒவ்வொரு தலைமுறையிலும் வழிதவறுவான்.

அன்றியும், தந்தைவழியே பெயர் செல்லும் இடத்திலும் கணக்கு வேறாக உள்ளது. ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்க்கு முந்திய தலைமுறையினர் எண்மர். இவ்வாறு பத்துத் தலைமுறை பின்னோக்கிச் செல்லின் மூதாதையர்க்குரிய இடங்கள் 1024 ஆகும். அவற்றுள் ஒரேயொரு இடத்திலிருந்தவரின் பெயரையே குடும்பப் பெயர் கொண்டுவருகின்றது. எஞ்சிய 1023 இடங்களும் மௌனமாகிவிடுகின்றன. அவற்றுள் எல்லாத் தாய்மாரும் அடங்குவர். 1900ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஜேர்மானியக் குடியியற் சட்டம் மனைவி கணவனின் பெயரையே ஏற்றல் வேண்டும் என விதித்தது. 1976இல் இது தளர்த்தப்பட்டபோதும், தம்பதிகள் உடன்படாவிடிற் கணவனின் பெயரே செல்லும் என்ற விதி எஞ்சிநின்றது. 1991இல் அரசியலமைப்பு நீதிமன்றமே அதனை நீக்கிற்று. ஆகவே, குடும்பப் பெயர் குருதியைக் காட்டுகின்றது என்பவர், ஆயிரத்திருபத்து நால்வரில் ஒருவரை மட்டும் எண்ணி ஏனையோரை, குறிப்பாகப் பெண்களை, குருதியற்றவராக்குகின்றார்.

அப்படியாயின் இப்பெயர்களை நிலைநிறுத்தியது எது? குருதியன்று, அரசே. 12ஆம் நூற்றாண்டளவிற் கொலோன் முதலிய நகரங்களில் மக்கள் பெருகிப் பத்திரங்களும் வரிப்பட்டியல்களும் தேவைப்பட்டபோதே இரண்டாவது பெயர் தோன்றலாயிற்று. நெடுங்காலம் அது நிலையற்றதாக இருந்தது. பவேரியா 1677இலும், ஒஸ்திரியா 1776இலும் விருப்பம்போற் பெயர் மாற்றுவதைத் தடைசெய்தன. கிழக்குப் பிரீசியாவில் தந்தையின் பெயரையே மகன் தலைமுறைதோறும் புதிதாகச் சேர்த்துக்கொண்ட பழைய வழக்கத்தை 1811இல் நெப்போலியனின் ஆட்சி நிறுத்திற்று. யூதருக்கு ஒஸ்திரியாவில் இரண்டாம் யோசேப்பின் 1787ஆம் ஆண்டு ஆணையாலும், பிரசியாவில் 1812ஆம் ஆண்டு ஆணையாலும் நிலையான குடும்பப் பெயர் கட்டாயமாக்கப்பட்டது. 1876 முதல் ஜேர்மனி முழுவதும் குடியியற் பதிவு நடைமுறைக்கு வந்ததும், எழுதுவினைஞர் எழுதிய எழுத்தே பெயரின் வடிவமாக உறைந்துபோயிற்று. படைக்கு ஆள் சேர்க்கவும் வரி அறவிடவும் அரசு விரும்பியது. அவ்விருப்பமே குடும்பப் பெயரின் செவிலித்தாய். அவ்வரசு எழுதிய எழுத்தை இயற்கை எழுதிய எழுத்தெனப் படிப்பது பேதைமை.

முல்லர் என்னும் பெயர் பரந்த வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. வடக்கே கீழ் ஜேர்மன் வழங்கும் பகுதியில் அது மொல்லர். தெற்கே சுவேபியாவிலும் பவேரியாவிலும் மில்லர் என்ற வடிவமும் உண்டு. ஒல்லாந்தில் முல்டர், டென்மார்க்கில் மொலெர், பிரான்சில் மெனியே, இத்தாலியில் மொலினாரி, அங்கேரியில் மொல்னார், செக்கு நாட்டில் மிலினார் என அதே பொருளுடைய பெயர்கள் ஐரோப்பாவெங்கும் உள. ஆறு ஓடிய இடமெல்லாம் ஆலை நின்றது. ஆலை நின்ற இடமெல்லாம் இப்பெயர் பிறந்தது. 1683 முதல் பென்சில்வேனியாவிற் குடியேறத் தொடங்கிய ஜேர்மானியரின் பின்னே சென்ற முல்லர்கள் பலர் அங்கு மில்லர் ஆயினர். அமெரிக்க நாடகாசிரியர் ஆதர் மில்லர் போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்திற் பிறந்தவர். ஆங்கிலேயர், ஜேர்மானியர், யூதர், சிலாவியர் ஆகிய யாவரும் இன்று மில்லர் என்ற ஒரே பெயரினுள் அடங்கியுள்ளனர்.

அரசியற் காற்று மாறும்போது பெயரும் மாறுவதை மேட்டுக்குடியினரிடத்தும் காணலாம். முதலாம் உலகப் போரில் ஜேர்மன் பகைமை மூண்டபோது, 1917இற் பிரித்தானிய அரச குடும்பம் தன் ஜேர்மானியப் பெயரைக் களைந்து வின்சர் ஆயிற்று. அவர்தம் உறவினரான பற்றன்பேர்க் குடும்பத்தார் 'பேர்க்' என்னும் மலையை ஆங்கிலமாக்கி மவுண்ட்பற்றன் ஆயினர். 1944இற் பேராதனைத் தாவரவியற் பூங்காவிலே தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை அமைத்த மவுண்ட்பற்றன் பிரபு, பிறந்தபோது பற்றன்பேர்க் இளவரசராக இருந்தவரே. ஓர் அறிவித்தலால் மாறிய அப்பெயரோடு குருதியும் மாறிற்று என எவரேனும் கூறுவரோ?

எதிர்த்தரப்பினர் கூறக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு; அதனை மறைத்தல் நேர்மையாகாது. மிக அரிதாக வழங்கும் பெயர்கள் சில உள்ளன. ஒரு பள்ளத்தாக்கிலோ ஒரு பண்ணையிலோ ஒருமுறை மட்டும் பிறந்த அத்தகைய பெயரையுடைய ஆண்களிடையே தந்தைவழி உறவு காணப்படுவதை அண்மைக்கால மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. இது மெய்யே. ஆனால், இவ்வாதம் அரிய பெயர்களுக்கே பொருந்தும். பரந்து வழங்கும் தொழிற்பெயர்கள் பல இடங்களிற் பிறந்தவை என்பதனை அதே ஆய்வுமுறையே உறுதிசெய்கின்றது. மேலும், அரிய பெயருடையோரிடத்துக் காணப்படுவது ஒரு குடும்பத்தின் உறவு. ஓர் இனத்தின் சாரமன்று. குடும்பத்திலிருந்து இனத்துக்குத் தாவுவதற்கு எந்த மரபணுவும் பாலம் அமைத்துக் கொடுக்கவில்லை. அப்பாலத்தை அமைத்தது அரசியலே.

அவ்வரசியலின் உச்சம் நாசிகளின் ஆட்சி. குருதியே யாவும் எனக் கூறி 1933இல் ஆட்சியேறிய அவர்கள், அக்குருதியைக் கண்டறியும் பணியில் இறங்கியபோது அடைந்த தோல்வி வரலாற்றிற் கருத்தூன்றி நோக்கத்தக்கது. அவர்கள் முதலிற் கண்டது, பெயர் உதவாது என்பதே. ஜேர்மனியின் யூதர்கள் ஜேர்மானியப் பெயர்களையே தாங்கியிருந்தனர். நாசிகளின் கோட்பாட்டு ஆசானாக விளங்கிய அல்பிரட் றோசன்பேர்க்கின் குடும்பப் பெயரோ யூதரிடையே பெருவழக்காயிருந்த பெயர்! ஆகவே அவர்கள் பிறப்புப் பத்திரங்களையும் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடுகளையும் தேடினர். 1935ஆம் ஆண்டின் நியூரன்பேர்க் சட்டங்களின் கீழ், ஒருவரின் பாட்டன் பாட்டியர் எந்தச் சமய சமூகத்தைச் சார்ந்திருந்தனர் என்பதனைக் கொண்டே அவரது 'இனம்' துணியப்பட்டது. குருதியைப் பற்றி இவ்வளவு முழங்கியவர்களால் ஒரு துளிக் குருதியையேனும் சோதித்து இனத்தைக் கூற முடியவில்லை. ஈற்றில் ஒரு பாதிரியார் எழுதிவைத்த ஏட்டையே நம்பினர்.

அப்போதும் தெருவில் நடப்பவனின் பெயர் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனவே 1938 ஓகஸ்ட் 17ஆந் திகதி ஓர் ஆணை பிறந்தது. அரசு வகுத்த பட்டியலில் உள்ள யூத முற்பெயர் எதுவும் இல்லாத யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்பதனையும், பெண்கள் 'சாரா' என்பதனையும் 1939 சனவரி முதல் மேலதிக முற்பெயராகச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பது அவ்வாணை. இதன் உட்பொருளைச் சிந்தித்தல் வேண்டும். பெயர் இனத்தைக் காட்டுமாயின் இன்னொரு பெயரை ஏற்றவேண்டிய தேவை யாது? பெயரிற் குருதி இல்லை என்பதற்கு நாசி அரசே தன் கைப்பட எழுதிக்கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் இந்த ஆணை. இல்லாத அடையாளத்தை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, உண்டாக்கினர். அவ்வாறு உண்டாக்கிய அடையாளத்தை வைத்தே கொன்றனர்.

முல்லர் என்ற பெயரையுடைய இருவரை இங்கு ஒருங்கே நிறுத்தி நோக்குதல் தகும். ஒருவன் ஹைன்ரிக் முல்லர். 1900இல் மியூனிக்கிற் பிறந்தவன். கெஸ்ராப்போ என்னும் இரகசியப் பொலிசின் தலைவன். 1942 சனவரி 20இல் யூதரின் அழிவைத் திட்டமிட்ட வான்சே மாநாட்டில் அமர்ந்திருந்தவன். அதே பெயருடைய வேறோர் அதிகாரியும் இருந்தமையால், இவனைக் 'கெஸ்ராப்போ முல்லர்' என்று அடைகொடுத்து அழைக்கவேண்டியிருந்தது. 1945 மே மாதத்துடன் இவன் தடம் மறைந்தது. மற்றவர் பிலிப் முல்லர். 1922இல் அக்காலச் செக்கோசிலோவாக்கியாவின் செரெட் என்னும் ஊரில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். 1942இல் அவுஷ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கொல்லப்பட்ட தம் மக்களின் உடல்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டவர். அவர் பிழைத்தார். 1964இல் பிராங்பேர்ட் நகரிலே முகாம் அதிகாரிகள் மீதான வழக்கிற் சாட்சியமளித்தார். 1979இல் தாம் கண்டவற்றை நூலாக வெளியிட்டார். கொலைக்கு ஆணையிட்ட அலுவலகத்தின் தலைவன் முல்லர். அக்கொலைக்குச் சாட்சியாக எஞ்சியவரும் முல்லர். இருவருக்கும் பெயர் ஒன்று, பொருள் ஒன்று, இலத்தீன் வேரும் ஒன்று. இவ்விருவரையும் பிரித்தது அரசு வைத்திருந்த பதிவேடு ஒன்றே. இதற்குப் பின்னரும் பெயரைக் கொண்டு குருதியை அளக்க முற்படுவோர் இந்த இரண்டு பெயர்களுக்கும் விடை கூறிவிட்டு அப்பாற் செல்லட்டும்.

பதிவேட்டை எழுதிய கைகள் யாவும் தண்டிக்கப்பட்டன என்றும் கூறுவதற்கில்லை. உள்நாட்டமைச்சில் இப்பெயர்ச் சட்டங்களை வகுப்பதில் முக்கிய பங்கேற்றவரும், நியூரன்பேர்க் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியவர்களுள் ஒருவருமான ஹான்ஸ் குளொப்கே, 1953 முதல் 1963 வரை மேற்கு ஜேர்மனியின் அதிபர் அடெனவரின் அலுவலகத் தலைமை அதிகாரியாக வீற்றிருந்தார். ஆட்சிகள் மாறலாம்; எழுதுகோல் கைமாறாதிருக்கலாம்.

முல்லர் என்னும் பெயர் இலங்கையரின் வாழ்விலும் புகுந்துள்ளது. 1940களில் இங்கு மலேரியாவை அடக்கப் பயன்பட்ட டீ.டீ.ரி. மருந்தின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்து 1948இல் நோபல் பரிசு பெற்றவர் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர். ஆனால், அதனினும் ஆழமாக இத்தீவின் சிந்தனையைத் தொட்டவர் 1823இல் டெசாவு நகரிற் பிறந்த மாக்ஸ் முல்லர். அவருடைய தந்தை வில்ஹெல்ம் முல்லர் புகழ்பெற்ற கவிஞர். ஆலைக்காரனின் மகளைப் பற்றிய அவரது பாடல்களுக்கு ஷூபேர்ட் இசையமைத்தார். அக்கவிஞரின் தந்தையோ ஆலைக்காரரல்லர், தையற்காரர். முல்லர் என்ற பெயர் மிகப் பொதுவானது எனக் கருதியே மைந்தர் தம் முற்பெயரையும் அதனோடு சேர்த்து மாக்ஸ் முல்லர் எனத் தமக்கு ஒரு குடும்பப் பெயரை அமைத்துக்கொண்டார்.

ஐஸ்லாந்தின் மொழியையும் இலங்கையின் சிங்களத்தையும் ஒரே ஆரிய மொழிக்குடும்பத்துள் அடக்கிய அறிஞர் இவர். தம் முற்கால எழுத்துக்களில் மொழியையும் மக்களையும் போதிய அளவு வேறுபடுத்தாது எழுதி, பெருங்குழப்பத்துக்கு வித்திட்டவர்களுள் இவரும் ஒருவர் என்பதை மறுத்தல் இயலாது. ஆனால், அவ்வித்து நச்சு மரமாக வளர்வதைக் கண்டதும், 1888இல் வெளியிட்ட நூலிலே மொழிக்குடும்பம் வேறு, குருதி வேறு என அவரே வெளிப்படையாக எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைக் கேட்டோர் சிலர். அவர் கூறிய 'ஆரியம்' என்ற சொல்லை மட்டும் பற்றிக்கொண்டோர் பலர். இங்கு ஒரு சாரார் ஆரியக் குருதியிற் பெருமை கண்டனர். மறுசாரார், கால்டுவெல் 1856இல் மொழிக்குடும்பத்துக்கு வழங்கிய 'திராவிடம்' என்ற பெயரைத் தாமும் குருதியாக்கிக்கொண்டனர். பேராசிரியர் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1979ஆம் ஆண்டின் தமது ஆய்விலே, இத்தகைய இன உணர்வுக்குத் தொன்மை கற்பிப்பது எவ்வளவு பிழையானது என்பதனைச் சிங்கள அடையாளத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து காட்டினார். தமிழ் அடையாளத்தைப் பற்றியும் அதே துணிவோடு வினா எழுப்பும் கடமை தமிழ் பயில்வோருக்கு உண்டு. மற்றவரின் கற்பனையை மட்டும் உடைத்துத் தம் கற்பனையைப் போற்றிப் பாதுகாப்பது ஆராய்ச்சியாகாது.

பெயராராய்ச்சி வீண் என்பது இதன் கருத்தன்று. முல்லர் என்ற பெயர் எவ்வளவோ கூறுகின்றது. உரோமரின் கருவி வடக்கே சென்றதைக் கூறுகின்றது. பிரபுவின் ஆலையில் வரிசையாகக் காத்துநின்ற உழவரைக் கூறுகின்றது. இழிவெனத் தள்ளப்பட்டோரைக் கூறுகின்றது. எழுதுவினைஞரின் மேசையையும், கடல் கடந்த ஏழைகளின் கப்பலையும் கூறுகின்றது. இவை யாவும் மனிதரின் உழைப்பும் அலைவும் பற்றிய செய்திகள். இவற்றைக் கேட்கும் செவியை மொழியியல் மாணவர் வளர்த்துக்கொள்ளல் வேண்டும். குருதியைப் பற்றி மட்டும் அப்பெயர் ஒன்றும் கூறுவதில்லை. கூறாத ஒன்றைக் கூறியதாக எழுதிக்கொண்ட நாடு எந்த இடத்திற்குச் சென்று சேர்ந்தது என்பதற்கு அவுஷ்விற்ஸிலிருந்து மீண்ட முல்லர் சான்று பகர்ந்துள்ளார். அச்சான்றைப் படித்தவர், அடுத்தமுறை ஒருவரின் பெயரைக் கேட்டதும் அவர் 'எந்த இனம்' எனத் தம் மனத்துள் எழும் வினாவை அங்கேயே நிறுத்திக்கொள்வாராக.